ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வசனம்

வேலையிடத்தில் அடிபட்டு நட்டஈடு கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது சம்பளத் துண்டை அல்ல, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விபரம் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் கார்டை. வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

நிலாவெளிப் பக்கம் ஒரு கட்டட வேலை என்று வையுங்கள். மேசனுக்குக் கையாளாக நின்ற பெடியன், சாரம் சரிந்து மேல்மாடியிலிருந்து விழுகிறான். குதிக்கால் எலும்பு நொறுங்கிப் போகிறது. ஓட்டோவில் ஏற்றித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே கொந்தராத்துக்காரர் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார்: “தம்பி, வீட்டில மாமரத்தால விழுந்ததெண்டு சொல்லு. வேலையிடமெண்டா பொலிஸ் வரும், எல்லாருக்கும் கரைச்சல். செலவு முழுக்க நான் பார்க்கிறன்.”

பெடியனும் அப்படியே சொல்கிறான். டொக்டர் அதை ஆங்கிலத்தில் ஒரு வரியாக வாட்டு டிக்கெட்டில், அதாவது வாட்டில் நோயாளிக்கு வைக்கும் பதிவுத் தாளில், எழுதுகிறார். அந்த வரி பிறகு எல்லா அறிக்கைக்கும் பின்னாலேயே போகும். கொந்தராத்துக்காரர் முதல் இரண்டு மாதம் காசு கொடுப்பார். உண்மையிலேயே இரக்கத்தோடு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிறகு போன் எடுக்கமாட்டார். கால் முன்னைப்போல மடங்காது என்று தெரிந்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள். அதற்குள் கட்டடம் முடிந்திருக்கும், கூட நின்றவர்கள் மட்டக்களப்பிலோ கொழும்பிலோ வேறு சைட்டில் இருப்பார்கள். எதிர்த்தரப்பின் கையில் மாமரம் மட்டும் பத்திரமாக இருக்கும்.

பொய் சொல்லாதவர்களுக்கும் இந்தச் சிக்கல் வரும். டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். நோவில் கிடப்பவர் “விழுந்திட்டன்” என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதனால் கூடப் போகிறவர் எங்கே, என்ன வேலை செய்யும்போது, எப்படி என்ற மூன்றையும் சொல்லி, எழுதினார்களா என்று பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், விபத்தை இயன்றளவு விரைவாக வேலை கொடுத்தவருக்கு அறிவிக்கச் சொல்கிறது. நட்டஈட்டுக் கோரிக்கையைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலாளிக்கு விபத்து ஏற்கெனவே தெரியும் என்றாலோ, பிந்தியதற்குத் தக்க காரணம் இருந்தாலோ, அறிவித்தல் பிந்தியதற்காக மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் “எனக்குத் தெரியவே தெரியாது” என்று முதலாளி சொன்னால் என்ன காட்டுவீர்கள்?

இதற்குச் சட்டத்தரணி கடிதம் தேவையில்லை. மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒன்று போதும்: “அண்ணன், நேற்றுக் காலம்பிற சைட்டில சாரம் சரிஞ்சு விழுந்ததில கால் முறிஞ்சு வாட்டில இருக்கிறன். ஆறு கிழமைக்குக் கால் ஊன்றக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.” அதற்கு அவர் “சரி தம்பி, கவனமா இரு” என்று பதில் போட்டால், அந்த நாலு சொல் பெரிய சாட்சி. போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். சரிந்த சாரத்தின் படத்தையும், கூட நின்றவர்களின் பெயரையும் நம்பரையும் அன்றைக்கே எடுத்து வையுங்கள்.

முதலாளிமாருக்கும் ஒன்று. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் செல்லும் இடங்களில், உயிரிழப்பு நேர்ந்தாலோ, அடிபட்டவர் மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமற் போனாலோ, தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டியது உங்கள் கடமை. காப்புறுதி எடுத்திருந்தால் கொம்பனிக்கும் உடனே சொல்லுங்கள். மறைப்பதால் கடைசியில் சொந்தக் காசுதான் போகும்.

“எனக்கு ஈபீஎஃப் இல்லை, நாட்கூலிதான்” என்று வாசலிலேயே திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு. ஈபீஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை என்பதற்காக இந்த உரிமை இல்லாமற் போவதில்லை. கவனக்குறைவாக நின்றேன் என்பதும் தடையல்ல. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்றவை வேறு விஷயம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதற்குள் வந்துவிட்டது. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி தினமும் மோட்டார் சைக்கிளில் சீனன்குடாவுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு இது பெரிய விஷயம். அப்படியான விபத்தில் பொலிஸ் முறைப்பாட்டில் “வேலைக்குப் போகும்போது” என்பதும் பதிவாக வேண்டும்.

இன்னொன்று, இதை நான் அடிக்கடி காண்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கும்போது “இனி ஒரு கோரிக்கையும் இல்லை” என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவார்கள், சிலவேளை வெறுந்தாளிலேயே. இந்தச் சட்டத்தின் கீழான உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. ஆனாலும் விசாரணையில் அந்தத் தாளை விளக்கவே பாடாய்ப்படுவோம். காசை வாங்குங்கள், எவ்வளவு, எதற்கு என்று எழுதிய பற்றுச்சீட்டில் மட்டும் கையெழுத்து வையுங்கள். வேறு தாளை நீட்டினால் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம்.