தேதி இல்லாமல் சட்டம் இல்லை: ஒரே பிரிவுக்கு இரண்டு வாசகம் எப்படி வந்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஆர்டிஐ (தகவல் பெறும் உரிமைச் சட்ட) மனுவுக்கு 8(1)(ஜே) பிரிவின்படி தகவல் தர முடியாது என்று பதில் வந்திருக்கிறது. என்னிடமுள்ள புத்தகத்தில் அந்தப் பிரிவு ஒரு பத்தி நீளம், பொதுநலன் இருந்தால் தரலாம் என்கிறது. அலுவலர் காட்டுவதோ ஒரே வரி. எது உண்மையான சட்டம்?"

இரண்டும் உண்மையான சட்டம்தான். புத்தகத்தில் இருப்பது 2005 முதல் இருந்த வாசகம், அலுவலர் காட்டுவது 2025 நவம்பருக்குப் பிந்தையது. இதை யார் சொல்லியும் நம்ப வேண்டியதில்லை. அரசே வெளியிட்ட தாள்களை வைத்து அரை மணி நேரத்தில் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

மசோதா அறிமுகம், குழு ஆய்வு, இரு அவைகளிலும் விவாதம், குடியரசுத் தலைவர் ஒப்புதல், அரசிதழ் வெளியீடு என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. பாடத்தில் விட்டுப்போன கடைசிப் படி ஒன்று இருக்கிறது: சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. 2002-இன் தகவல் சுதந்திரச் சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறி, ஒப்புதலும் பெற்று, 2003-இன் 5-ஆம் எண் சட்டமாக அச்சேறியது. ஆனால் இந்த அறிவிக்கை வரவே இல்லை. ஒரு நாள்கூட அமலில் இல்லாத அந்தச் சட்டத்தை, பின்னால் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு நீக்கியது.

இப்போது நம் பிரிவுக்கு வருவோம். திருத்தச் சட்டம் என்பது ஒரு தையல் குறிப்பு மாதிரி. எங்கே வெட்டணும், எதை ஒட்டணும் என்று மட்டும்தான் சொல்லும், தைத்து முடித்த சட்டையைக் காட்டாது. அந்தக் குறிப்பு வேறொரு சட்டத்தின் வாலில் இருப்பதும் சகஜம். 8(1)(ஜே)-ஐ மாற்றிய கத்தரி, எண்ம வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் கடைசிப் பிரிவான 44-இல் இருக்கிறது. அதன் (3)-ஆம் உட்பிரிவு சொல்வது இவ்வளவுதான்: தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு (1)-ஆம் உட்பிரிவில் (ஜே) கூறுக்குப் பதிலாக 'தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்' என்ற கூறு அமைக்கப்பட வேண்டும்.

பழைய பத்தியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவல் என்ற வரம்பு போயிற்று. அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடு என்ற அளவுகோல் போயிற்று. பரந்த பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற விதிவிலக்கும், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எவருக்கும் மறுக்கக் கூடாது என்ற காப்புரையும் சேர்ந்தே போயின. 'நீக்கப்படுகிறது' என்ற சொல் அந்த வரியில் எங்குமே இல்லை, 'பதிலாக' என்ற ஒரே சொல் இத்தனையையும் செய்துவிட்டது. திருத்தச் சட்டத்தை மட்டும் படித்தால் எதை இழந்தோம் என்று தெரியாமல் போவது இதனால்தான். எப்போதும் பழையது இடது பக்கம், திருத்தம் வலது பக்கம் என்று இரண்டு தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக அடித்துப் பாருங்கள்.

அடுத்து தேதி. இந்திய அரசிதழ் இ-கெசட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மத்தியச் சட்டங்கள் 'எக்ஸ்ட்ராஆர்டினரி' (சிறப்பிதழ்) வரிசையில் பகுதி 2, பிரிவு 1-இல் வரும், மசோதாக்கள் பிரிவு 2-இல் வரும். பழைய இதழ்கள் பல வெறும் படமாக வருடப்பட்டவை, அவற்றில் சொல் தேடல் எடுபடாது, தேதி வைத்துத்தான் தேட வேண்டும். எண்ணை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் 22-ஆம் எண், தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் 22-ஆம் எண்! ஆண்டைச் சொல்லாமல் '22-ஆம் எண் சட்டம்' என்று மேல்முறையீட்டில் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் புரியாது. மசோதா எண் தனி: முன்னது 2004-இன் 107, பின்னது 2023-இன் 113.

2023 ஆகஸ்ட் 11 தேதியிட்ட அரசிதழில் ஒப்புதல் பெற்ற சட்டம் இருக்கிறது. தலைப்பில் சக ஆண்டுக் கணக்கில் 'சிராவணம் 20, 1945' என்றும் போட்டிருக்கும், மிரள வேண்டாம். அன்றே அமலுக்கு வந்துவிட்டதா? சட்டத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒப்புதல் பெற்ற நாளே தொடக்க நாள் என்கிறது பொது விளக்கச் சட்டம், 1897. ஆனால் இந்தச் சட்டத்தின் 1(2) வேறு சொல்கிறது: மத்திய அரசு அறிவிக்கும் நாளில் தொடங்கும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம். ஆகவே எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் 1-ஆம் பிரிவைப் படியுங்கள்.

அந்த அறிவிக்கையைத் தேடும்போது பலர் சட்ட அமைச்சகத்தின் பெயரில் தேடி, கிடைக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சட்டத்தை அச்சிடுவது சட்ட அமைச்சகம், தொடக்க நாளை அறிவிப்பது அந்தப் பொருளுக்குரிய அமைச்சகம். இங்கே மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். இடம் பகுதி 2, பிரிவு 3. அதில் 'எஸ்.ஓ.' எண் கொண்டவை உட்பிரிவு (2)-இலும் 'ஜி.எஸ்.ஆர்.' எண் கொண்டவை உட்பிரிவு (1)-இலும் இருக்கும், இரண்டிலும் தேடுங்கள். 2025 நவம்பர் அறிவிக்கையில் 44-ஆம் பிரிவே துண்டாகியிருக்கிறது: (3)-ஆம் உட்பிரிவு வெளியீட்டு நாளிலேயே, (2)-ஆம் உட்பிரிவு 18 மாதம் கழித்து. ஒப்புதலுக்கும் இதற்கும் இடைப்பட்ட 27 மாதமும் பழைய 8(1)(ஜே)-தான் சட்டம். அந்தக் காலத்தில் ஓர் அலுவலர் புதிய வரியைக் காட்டி மறுத்திருந்தால் அது செல்லாத காரணம்.

'வெளியீட்டு நாள்' என்பதிலும் ஒரு நுட்பம். அறிவிக்கையின் அடியில் ஒரு தேதி, இதழின் தலைப்பில் ஒன்று, தளத்தில் ஏற்றிய நேரம் இன்னொன்று என்று இருக்கலாம். 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீத சுங்கவரி விதித்த அறிவிக்கை இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு ஏற்றப்பட்டது. அதே நாள் அதற்கு முன்பே அட்டாரி எல்லையில் ஆவணம் தாக்கல் செய்த இறக்குமதியாளர்களுக்கு அந்த வரி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஒரு சட்ட ஆணை பிறந்த விநாடியைக் கணினி பதிந்து வைத்திருக்கிறது, நீதிமன்றம் அதை நம்பி முடிவெடுக்கிறது. இதைவிட அழகான சான்று அரசு ஆவணங்களில் அரிது.

ஒரு வாசகம் ஏன் அப்படி அமைந்தது என்று தெரிய மசோதாவோடு வரும் நோக்க காரண விளக்கவுரையும் குழு அறிக்கையும் வேண்டும். 2004 டிசம்பரில் அறிமுகமான தகவல் உரிமை மசோதா மத்திய அரசு அலுவலகங்களை மட்டுமே தொட்டது. தமிழகத்தைச் சேர்ந்த இ.எம். சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையைப் படித்தால், அது மாநிலங்களுக்கும் விரிந்த வழி தெரியும். 2023 மசோதாவோ ஆகஸ்ட் 3-இல் அறிமுகமாகி, 7-இல் மக்களவையிலும் 9-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. குழுவுக்குப் போகாததால் தேடினாலும் அறிக்கை கிடைக்காது, நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் அந்த இரு நாள் விவாதங்களைத்தான் புரட்ட வேண்டும். தமிழில் பேசிய உறுப்பினரின் உரை அங்கே ஆங்கில மொழிபெயர்ப்பாக இருக்கும், எனவே தமிழில் தேடாதீர்கள், பெயரில் தேடுங்கள்.

திருத்தங்களைச் சேர்த்துத் தொகுத்த வாசகத்துக்கு மத்திய அரசின் இந்தியா கோட் தளம் உதவும். அதில் அடிக்குறிப்புதான் பொக்கிஷம்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மாற்றியது, 'டபிள்யூ.இ.எஃப்.' என்று போட்டு எந்த நாளிலிருந்து என்றெல்லாம் இருக்கும். துறைகளின் தளங்களில் தொங்கும் பழைய பிடிஎஃப்களில் இது இருக்காது. பிரிட்டனின் அரசு சட்டத் தளத்தில் பல சட்டங்களுக்கு ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய வாசகம் அப்படியே வரும். நம் சட்டங்கள் அத்தனைக்கும் இப்படி ஒரு வசதி செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும். எந்தச் சட்டத்துக்குத் தான் கட்டுப்பட்டவர் என்று அறிவது குடிமகனின் அடிப்படைத் தேவை. அது இல்லாத இடத்தை 'புதுச் சட்டம் வந்துவிட்டது' என்ற வாட்ஸ்அப் செய்திகள் நிரப்புகின்றன.

கேட்ட வாசகருக்கு: மனு தேதி, பதில் தேதி இரண்டையும் குறித்துக்கொண்டு அறிவிக்கையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் அதற்கு முந்தையவை என்றால் பழைய வாசகத்தை இணையுங்கள். பிந்தையவை என்றால் 8(2)-ஐப் பிடியுங்கள். தகவலை வெளியிடுவதிலுள்ள பொதுநலன், காக்கப்படும் நலனுக்கு வரும் கேட்டைவிடப் பெரிதானால் தரலாம் என்னும் அந்த உட்பிரிவில் 44(3) கை வைக்கவில்லை. பதில் கைக்கு வந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கூடவே அரசிதழ்ப் பக்கத்தின் நகல்.