செருப்பு மண்ணும் புல்மரமும்

போன மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் கிழக்கே, மலையோரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஆள் உயரப் புல்மரம் ஒன்று. கறுத்த அடிமரம், தலையில் ஊசி ஊசியாய் இலைகள், பாதி மஞ்சளடித்திருந்தன. "தண்ணீர் போதவில்லையோ?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நடுக்குருத்தை லேசாகப் பிடித்து இழுத்தேன். கொத்தோடு கையில் வந்துவிட்டது. அடி முழுக்கப் பழுப்பு அழுகல்.

இந்தப் பகுதியின் பழங்குடிகளான நூங்கர் மக்கள் பால்கா என்று சொல்லும் மரம் இது. இதன் பிசினை இளக்கித்தான் கோடாரிக் கல்லைப் பிடியோடு ஒட்டினார்கள். அடிமரம் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் உயரும். ஆக, அந்த மரத்துக்கு வயது ஏறக்குறைய நூறு. காட்டுத்தீயில் இலையெல்லாம் கருகினாலும் பிழைத்துக்கொள்ளும். தீக்குப் பிறகு ஈட்டி மாதிரி பூந்தண்டு மளமளவென்று கிளம்பும். அப்படிப்பட்ட மரத்தைச் செருப்பில் ஒட்டிய மண் சாய்த்துவிடுகிறது.

மண்ணில் வரும் அந்த நோய்க்கிருமியின் பெயர் பைட்டாப்தோரா சின்னமோமி. 1922இல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரத்தில் முதலில் கண்டறியப்பட்டது. நம் ஊர்த் தென்னையில் குருத்தழுகல் உண்டாக்கும் கிருமிக்குப் பங்காளி. ஈர மண்ணில் இதன் வித்துகள் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். வேர் அழுகியபின் மரம் தண்ணீருக்குத் தவிக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.

பெயர்த்து நட்ட மரமும் இப்படி மஞ்சளடிக்கும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேரும் மண்ணும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. பாஸ்பைட் என்ற உப்புக் கரைசலைத் தெளித்தாலோ ஊசி வழியாக ஏற்றினாலோ மரத்தின் எதிர்ப்பு கூடும், அவ்வளவுதான். காட்டு மண்ணில் ஒருமுறை புகுந்துவிட்டால் விரட்ட நடைமுறையில் வழியில்லை.

சரி, நம் கையில் இருப்பது என்ன? காட்டுப் பாதைக்குள் இறங்கும் முன்பும் வெளியே வந்தபின்பும் செருப்பு, ஷூ, சைக்கிள் டயரில் ஒட்டிய மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டுங்கள். மண் போனபிறகு, ஏழு பங்கு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் (குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த சாராயம்) மூன்று பங்கு தண்ணீர் கலந்து அடிப்பகுதியில் தெளியுங்கள். மழை ஈரத்தில் சேற்றுப் பாதையைத் தவிர்ப்பது நல்லது. புல்மரம் வாங்கும்போது எங்கிருந்து தோண்டியது, உரிமத்தோடு எடுத்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்க வேண்டாம்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு புல்மரங்கள் பச்சையாக நிற்கின்றன. மண்ணும் வேரும் ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு வரும்வரை அந்தத் தோட்டத்து மண்வெட்டியை வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.