சைலன்சரில் கை வைத்துப் பார்த்தது போதும்

இந்த வாரமும் ஒன்று வந்து நின்றது. பிஎஸ்-3 என்கிற பழைய புகை விதிக் காலத்துப் பெட்ரோல் கார். சத்தியமங்கலத்துக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது, திம்பம் மலைப்பாதையில் ஏற விட்டால் முதல் கியரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பிளக், ஃபியூயல் பம்ப், கடைசியில் கிளட்ச் பிளேட் வரை வேறு இடத்தில் மாற்றியாகிவிட்டது. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா, அதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அது அடைத்திருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. கேட்டால், "சைலன்சர்ல கைய வெச்சுப் பாத்தமுங்ணா, காத்து நல்லா வருதுங்களே" என்கிறார் வண்டிக்காரர்.

வரத்தான் செய்யும்ங்க! ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் வண்டி நின்று ஓடும்போது, இன்ஜின் வெளியே தள்ளுகிற புகை கொஞ்சம்தான், பாதி அடைத்த கன்வெர்ட்டர் வழியாகக்கூட அது போய்விடும். மேட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கும்போது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலே போயாக வேண்டும், அப்போதுதான் வழி பத்தாமல் புகை பின்னுக்கு முட்டுகிறது, பழைய புகை சிலிண்டரிலேயே தங்கிப் புதுக் காற்று உள்ளே வர இடமில்லாமல் போகிறது. தோட்டத்துச் சொட்டுநீர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் வரத்தானே செய்கிறது? நின்ற வண்டியில் கை வைத்து இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஸ்கேனரில் எரர் இல்லை என்பதும் சாட்சி ஆகாது, அது கன்வெர்ட்டரின் அடைப்பை நேராக அளப்பதில்லை.

அளக்க வழி இருக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் புகையின் அழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் சுமார் 1.5 பிஎஸ்ஐக்குள், 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் பயமில்லை. இந்த வண்டியில் ஆக்சிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்க முள் ஏறிக்கொண்டே போனது. கேஜ் இல்லாத ஒர்க்ஷாப்பா? சென்சாரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கட்டும். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் பிக்கப் திரும்பினால் விஷயம் புரிந்துவிடும்.

சரி, அடைப்பு உறுதியானதும் புதுசு மாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அது ஏன் அடைத்தது? பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியில்லாமல் மிஸ்ஸிங் அடித்தபடியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகிவிடும். ஆயில் குடிக்கிற இன்ஜினாலும் அடைக்கும். அதைச் சரி செய்யாமல் மாட்டுகிற புதுசும் இதே கதிக்குத்தான் வரும்.

உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மாட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், தயவுசெய்து. சட்டப்படி தப்பு, அந்தப் புகையை உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் மூச்சில் இழுக்கப் போகிறார்கள். கழற்றிய பழசைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிற சாமான் அது, பழைய இரும்பு விலைக்குப் போகக் கூடாது. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஓட்டி வந்த சூட்டோடு, களத்தில் காயும் சோளத்தட்டு மேலே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கிற அந்த டப்பாவின் சூடே தட்டைப் பற்ற வைத்துவிடும்.