ஒரே சர்ட்டிபிகேட், இரண்டு சம்பளம்

மலேசியாவின் பினாங்கில் பிள்ளை ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை முடித்ததும் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். மேலே படிக்க வைப்பதா, பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு அனுப்புவதா? "படிச்சாத்தான் நல்ல சம்பளம்" என்பார் அப்பா. "டிகிரி முடிச்சவன் கிராப் ஓட்டிக்கிட்டு இருக்கான்" என்பார் சித்தப்பா. "எவ்வளவு படிச்சாலும் பேரைப் பார்த்துத்தானே கூப்பிடுறான்" என்று நடுவில் மாமா ஒரு குண்டைப் போடுவார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பொருளாதார வல்லுநர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதே வழக்கைத்தான் கணக்குப் போட்டு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அப்பாவின் கட்சி. ஜேக்கப் மின்சர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1974இல் ஒரு சமன்பாட்டைப் பிரபலமாக்கினார். ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார், எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சம்பளத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்றது அது. பிற்பாடு பல நாடுகளில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளம் சராசரியாக 9 விழுக்காடு அளவு கூடுவதாகத் தெரிந்தது. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்) அடியாக வைத்தால், நான்கு ஆண்டுப் படிப்பு அதை ஏறக்குறைய 2,400 வெள்ளிக்குக் கொண்டுபோகும். இது சராசரிதான். சித்தப்பாவுக்குத் தெரிந்த அந்தப் பையனும் இந்தச் சராசரிக்குள்ளேதான் இருக்கிறான்.

சரி, படிப்புக்கு ஏன் சம்பளம் கூடுகிறது? கேரி பெக்கர் போன்றவர்களின் பதில் நேரானது: படிப்பு திறமையைக் கூட்டுகிறது, திறமை உற்பத்தியைக் கூட்டுகிறது, அதற்குத்தான் காசு. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் கொஞ்சம் குறும்பான பதில் ஒன்றைச் சொன்னார். படிப்பு எதையுமே கற்றுத்தராவிட்டாலும் சம்பளம் கூடலாம். கெட்டிக்காரனுக்கும் பொறுமைசாலிக்கும் பரீட்சையைத் தாண்டுவது எளிது, மற்றவர்களுக்குச் சிரமம். ஆகவே சர்ட்டிபிகேட் என்பது முதலாளிக்குக் காட்டும் ஓர் அடையாளம். டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில் விட்டவரையும் முடித்தவரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தலைக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். சம்பளம் ஒன்றாக இருக்காது.

என் கருத்தில் இரண்டும் கலந்துதான் நடக்கிறது, ஆனால் எந்த வேலை என்பதைப் பொறுத்து அளவு மாறும். எலக்ட்ரிக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு சார்ஜ்மேன், அதாவது மின் நிறுவலுக்குப் பொறுப்பானவர், சான்றிதழ் தெரிந்திருக்கும். எரிசக்தி ஆணையம் கொடுப்பது, குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏ வகை, உயர் அழுத்தத்துக்கு பி வகை. தகுதி பெற்ற ஆள் பொறுப்பில் இல்லாமல் பெரிய தொழிற்சாலை தன் மின் நிலையத்தை இயக்கச் சட்டம் இடம் தராது. அந்த ஆளிடம் திறமை இருக்கிறது, அதைச் சோதித்தவர் வேறொருவர், அவர் இல்லாவிட்டால் கம்பெனிக்குச் சிக்கல். மூன்றும் சேர்ந்த இடத்தில் சம்பளம் பேசுவது சுலபம். மனிதவளத் துறை, மேலாண்மை என்று பொதுவாக ஒரு டிகிரியை வைத்திருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட உறுதியில்லை.

அப்புறம் மாமாவின் கட்சி. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தகுதியில் சமமான விண்ணப்பங்களைப் போலியாகத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது. 2004இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில் மரியான் பெர்ட்ரானும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இதைச் செய்தார்கள். வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் கொண்டவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. மலேசியாவில் லீ ஹ்வோக் ஆனும் முகமட் அப்துல் காலிட்டும் தனியார் துறை வேலைகளுக்கு இப்படி விண்ணப்பங்களை அனுப்பி, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடு அழைப்பு, மலாய்ப் பெயர்களுக்கு 4.2 விழுக்காடு. அந்த ஆய்வில் இந்தியப் பெயர் சேர்க்கப்படவில்லை. நம்மைப் பற்றிய பேச்சுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடம் அதுதான்.

22.1, 4.2 என்ற எண்களைப் படித்துவிட்டுக் கடந்துபோவது எளிது. திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு நேர்காணல் அழைப்பு கிடைக்க, சீனப் பெயருள்ளவர் ஐந்து விண்ணப்பம் அனுப்பினால் போதும், மலாய்ப் பெயருள்ளவர் இருபத்துநான்கு அனுப்ப வேண்டும். நேர்காணலுக்குப் போன பிறகு வேலை கிடைக்குமா என்பது தனிக் கதை.

முதலாளி ஏன் இப்படிச் செய்கிறார்? பெக்கர் 1957இலேயே ஒரு விளக்கம் கொடுத்தார். சிலருக்குச் சில இனத்தாரோடு வேலை செய்யப் பிடிக்காது, அந்த வெறுப்புக்காகக் காசை இழக்கவும் தயார். அப்படியானால் வெறுப்பில்லாத போட்டியாளர் அதே திறமையைக் குறைந்த கூலிக்கு எடுத்து லாபம் பார்ப்பார், காலப்போக்கில் வெறுப்பவர் சந்தையிலிருந்து ஒதுங்குவார் என்பது அதிலிருந்து வரும் எதிர்பார்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில் அவ்வளவு வேகமாக யாரும் ஒதுங்குவதைக் காணோம்.

1972இல் எட்மண்ட் பெல்ப்ஸ் இன்னொரு விளக்கம் வைத்தார். கென்னத் ஆரோவும் அதே காலத்தில் அதே திசையில் யோசித்தார். இதில் வெறுப்பே தேவையில்லை, அதனால்தான் எனக்கு இது அதிகம் பயமூட்டுகிறது. கற்பனைக்கு ஒரு கணக்குப் போடுவோம். பாயான் லெப்பாஸ் கம்பெனி ஒன்று டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வு வைக்கிறது. இரண்டு பேர் 80 மதிப்பெண் எடுக்கிறார்கள். அந்தத் தேர்வு ஆளின் திறமையைப் பாதிதான் காட்டும் என்பது முதலாளிக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு அவர் என்ன செய்வார்? ஆள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரோ அதன் சராசரியை வைத்து நிரப்புவார். ஒரு கூட்டத்தின் சராசரி 70, இன்னொன்றின் சராசரி 60 என்று அவர் நினைத்தால், முதல் ஆளின் மதிப்பீடு 75, இரண்டாவது ஆளின் மதிப்பீடு 70. ஒரே 80 மதிப்பெண்ணுக்கு இரண்டு சம்பளம் வந்துவிட்டது. முதலாளி தான் கறாராகக் கணக்குப் பார்த்ததாகவே நம்புவார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தேர்வு நம்பகமானால் பாகுபாடு சுருங்கும். அதே தேர்வு 90 விழுக்காடு நம்பகமானது என்றால் மதிப்பீடு 79, 78 என்று கிட்டே வந்துவிடும். சார்ஜ்மேன், வெல்டர் போன்ற சோதித்துக் காட்டக்கூடிய வேலைகளில் பெயரின் பாரம் குறைவாக இருக்கும் என்று இந்தக் கோட்பாடு சொல்வது இதனால்தான்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. சராசரி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றாகவே, 60ஆகவே இருக்கட்டும். ஆனால் நேர்காணல் செய்பவருக்கு ஒரு கூட்டத்தின் பேச்சும் பள்ளியும் பழக்கம், மற்றதன் பேச்சு புரியவில்லை. அதனால் முதல் கூட்டத்தாரின் மதிப்பெண்ணை 80 விழுக்காடு நம்புகிறார், மற்றவர்களுடையதை 40 விழுக்காடுதான் நம்புகிறார். 80 எடுத்த இருவரின் மதிப்பீடு இப்போது 76, 68. 40 எடுத்த இருவருடையது 44, 52. அதாவது புரியாத கூட்டத்தில் சுமாரானவருக்கு லாபம், கெட்டிக்காரருக்கு நட்டம். இதைப் பார்க்கிற பதினேழு வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? விழுந்து விழுந்து படித்தாலும் சம்பளம் கொஞ்சம்தான் நகரும் என்றால் எதற்கு அவ்வளவு பாடு? பலர் அப்படி நினைத்துப் படிப்பைக் குறைத்துக்கொண்டால், முதலாளி முதலில் தவறாக நினைத்த சராசரி பிற்பாடு உண்மையாகிவிடும். ஆதாரம் கேட்டால் அவர் அதைக் காட்டவும் செய்வார்.

முதலாளி மனதில் உள்ள இந்தச் சராசரிகள் எங்கிருந்து வந்தன என்றால் ரப்பர் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் ஒன்று. இருவரும் பால் வெட்டியது ஒரே மாதிரி ரப்பர் மரத்தில்தான். திறமை வித்தியாசம் என்று சொல்ல வழியில்லை. சீனர்கள் குத்தகையாளர் மூலம் வந்தார்கள், கூலி பிடிக்காவிட்டால் சுரங்கத்துக்கோ பட்டணத்துக்கோ போவார்கள். நம்மவர்களைக் கங்காணி கூட்டிவந்தார், வீடும் கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன, கூலியைத் தோட்ட முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். உழைப்பை வாங்குபவர் ஒருவராகவோ ஒன்றுசேர்ந்தவர்களாகவோ இருந்தால் கூலி உற்பத்திக்குக் கீழே இறங்கும் என்று ஜோன் ராபின்சன் 1933இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம். போக வேறு இடம் உள்ளவருக்குக் கூலி கூடும்.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போனால், தமிழ்நாட்டிலிருந்து வந்து தோசை வார்க்கும் தம்பி ஒருவரைப் பார்க்கலாம். அவருடைய வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அடுத்த கடையில் 300 வெள்ளி கூட்டித் தருகிறேன் என்றாலும் அவர் நினைத்தபடி மாற முடியாது. உழைப்பை வாங்குபவரும் தமிழர், விற்பவரும் தமிழர். இனவெறுப்புக்கு இங்கே வேலையில்லை, ஆனாலும் கூலி இறங்கும்.

இனி அளப்பது எப்படி? 1973இல் ஆலன் பிளைண்டரும் ரொனால்ட் வஹாக்காவும் (Oaxaca) தனித்தனியே ஒரு முறையைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தின் சராசரிச் சம்பளம் 3,000 வெள்ளி, மற்றதன் சம்பளம் 2,400 என்று வையுங்கள். இரண்டாவது கூட்டத்தின் படிப்புக்கும் அனுபவத்துக்கும் முதல் கூட்டத்துக்குக் கொடுக்கும் விலையைக் கொடுத்தால் 2,750 வரும் என்றால், 600 வெள்ளி இடைவெளியில் 250 படிப்பாலும் அனுபவத்தாலும் வந்தது. மீதி 350க்குக் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த 350ஐத்தான் பத்திரிகைகள் பாகுபாடு என்று எழுதும்.

எனக்கு உறுத்துவது அந்த 250. இருபத்துநான்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருந்தவருக்கு முதல் வேலை தாமதமாகக் கிடைக்கிறது. பத்து ஆண்டு கழித்து அவருக்கு அனுபவம் குறைவு என்று கணக்கில் விழும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாய் மொழியில் தேறாமல், இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் வரும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவர், வகுப்புத் தோழர்களைவிட ஓராண்டு பிந்தித்தான் சம்பாதிக்கத் தொடங்கினார். அதுவும் அவர் கணக்கில்தான் விழும். வேலை விளம்பரத்தில் மாண்டரின் தெரிந்தவர் தேவை என்று போடுகிறார்கள். தைவான் வாடிக்கையாளரோடு தினமும் பேச வேண்டிய வேலை என்றால் அது திறமைதான், குறை சொல்ல முடியாது. கிடங்கில் பெட்டி எண்ணுபவருக்கும் அதே நிபந்தனை என்றால் அது வேறு. ஆனால் புள்ளிவிவரத்தில் இரண்டும் "மொழித் திறன்" என்ற ஒரே கட்டத்தில் போய் உட்காரும். வாசலில் நடந்த பாகுபாடு உள்ளே வரும்போது திறமைக் குறைவாகச் சட்டை மாற்றிக்கொள்கிறது. இதே முறையை வைத்துப் பெண்களின் சம்பளத்தை ஆராய்பவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்ட ஆண்டுகள் அனுபவக் குறைவு என்று பதிவாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 1-1-2023 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பிரிவு தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறைப் பற்றியது. விண்ணப்பம் அனுப்பி அழைப்பே வராதவர் யாருக்கும் தொழிலாளி ஆகவில்லை, அவருக்கு முதலாளி என்று ஒருவரும் கிடையாது. யார் யார் விண்ணப்பித்தார்கள், யாரை அழைத்தோம் என்ற பட்டியலை வெளியிட வேண்டிய கட்டாயமும் தனியார் கம்பெனிகளுக்கு இல்லை. ஆகவே இப்போதைக்கு, வாசலில் நடப்பதை எண்ணிப் பார்க்க ஆய்வாளர்கள் போலி விண்ணப்பங்களைத்தான் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.