யூலஜி என்றால் புகழுரையா?

மார்த்தாண்டம் பக்கத்தில் போன மாதம் ஓர் அடக்க ஆராதனை. "அடுத்து பேரன் புகழுரை ஆற்றுவார்" என்று அறிவித்தார்கள். இந்த வருஷம் இந்தச் சொல்லைச் சாவு வீட்டில் நான் கேட்பது நாலாவது தடவை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

யூலஜி கிரேக்கத்திலிருந்து வந்தது. 'யூ' என்றால் நல்ல, 'லோகோஸ்' என்றால் சொல். இன்று ஆங்கிலத்தில் பெரும்பாலும், இறந்தவரை அறிந்தவர் அடக்கத்தின்போது பேசும் பேச்சுக்கே இந்தப் பெயர். பிறப்பு அவ்வளவுதான்.

வேரைப் பார்த்து 'நல்ல சொல், அப்போ புகழுரை' என்று பெயர்த்தார்களே, அங்கேதான் கோளாறு. புகழுரை பொன்னாடை போர்த்தும் மேடைக்கும் உண்டு. அதில் இழப்பு என்பதே கிடையாது. அதைவிட மோசம், பேசப் போகிறவனையே அது வழிமாற்றி விடுகிறது. அந்தப் பையன் தாளை விரித்து 'தன்னலமற்ற தியாகி, ஈடு இணையற்ற பண்பாளர்' என்று வாசித்தான். யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். தாளை மடித்த பிறகுதான் அவன் பேச்சில் பாட்டா, அதாவது அவன் தாத்தா, வந்தார். விடியுமுன்னே ரப்பர் வெட்டக் கிளம்பும்போது, நாய் பின்னாலேயே வராமலிருக்க அவித்த மரச்சீனிக் கிழங்குத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போவாராம். "இப்பவும் நாலு மணிக்கு எழும்பி நடையில நிக்குது" என்றான். என் பக்கத்தில் இருந்த மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவன் அப்போது பேசியதற்குப் பெயர் நினைவுரை. இரங்கலுரை தப்பில்லை, ஆனால் துக்கம் தெரிவிப்பதோடு நின்றுவிடும். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்துப் பாறசாலையில் சொல்லும் 'அனுசோசனம்' என்பதும் அதுதான். இறந்தவரை நினைத்துப் புலம்பும் கையறுநிலை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, ஆனால் அது பாட்டுக்குரிய துறை. என்றாலும் எப்படிப் பேசுவது என்பதை அங்கேதான் கற்க வேண்டும். புறநானூறு 235இல் அதியமானை இழந்த ஔவையார் அவன் வீரத்தை முதலில் எடுக்கவில்லை. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான் என்றுதான் தொடங்குகிறார். இப்படி ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிடுகிறார்கள்.

நினைவுரை என்றால் நினைவுச் சொற்பொழிவோடு குழம்புமே என்கிறார்கள். அது வருஷந்தோறும் அறிஞர் ஒருவர் வந்து மண்டபத்தில் ஆற்றுவது. பெட்டியின் பக்கத்தில் நின்று குரல் உடைய நாயைப் பற்றிச் சொல்கிற பேரனைப் பார்த்து யாருக்கும் அந்தக் குழப்பம் வராது.