நூற்று முப்பதாவதாக வந்தவன் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தான்?

சைக்கிள் பந்தயம் முடிந்து வீட்டுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி "எத்தனையாவது?" என்பதுதான். "நூற்று முப்பதாவது" என்பேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். "பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் வரும். அன்றைக்கு எங்கள் அணித் தலைவர் ஒரு நொடிகூட இழந்திருக்க மாட்டார், அதாவது என் வேலை ஒழுங்காக முடிந்திருக்கும். இதைப் போனில் விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. பிள்ளையைச் சைக்கிள் பந்தயத்துக்கு அனுப்பும் பெற்றோரும், முடிவுப் பட்டியலைப் பார்த்துத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்ளும் இளம் வீரர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாம் காற்றில்தான் தொடங்குகிறது. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது நாம் மிதிக்கும் மிதியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். முன்னால் ஒருவர் இருந்தால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். 2018-ல் பெர்ட் பிளாக்கன் என்ற பொறியாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்து ஆராய்ந்தது. கூட்டத்தின் உள்ளே நன்றாக மறைந்திருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவருக்கு இருக்கும் காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் இருக்கிறதாம். எங்கள் கால்கள் முன்பே சொன்ன விஷயம்தான், ஆனால் இவ்வளவு குறைவு என்று நானும் நினைக்கவில்லை.

ஆக, பல நாள் பந்தயத்தில் அணி வியூகம் என்பது யாருடைய கால்களை எப்போது செலவு செய்வது என்ற கணக்கு. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அணிக்கு 8 பேர், 21 கட்டங்கள், அதாவது ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைவாக எடுத்தவருக்கே பட்டம். 1989-ல் கிரெக் லெமாண்ட், லாரன்ட் ஃபின்யோனை மூன்று வாரங்களுக்குப் பிறகு வென்றது வெறும் 8 நொடியில். அதனால் தலைவர் தேவையில்லாமல் ஒரு மிதிகூட மிதிக்கக் கூடாது. அவருக்குக் காற்றை மறைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, டயர் பஞ்சரானால் நம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது எல்லாம் எங்கள் வேலை. இந்த வேலைக்காரருக்கு 'டொமெஸ்டிக்' என்று பெயர், பிரெஞ்சில் வீட்டு வேலையாள். 1911-ல் டூரின் நிறுவனர் ஆன்ரி டெக்ராஞ்ச் ஒரு வீரரை ஏளனம் செய்யச் சொன்ன சொல் அது. இன்று அதையே தொழில் பெயராகப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். சமதளக் கட்டத்தில் பட்டத்துக்குப் போட்டியிடுபவர்களின் அணிகள் முன்வரிசையில் இடித்துப் பிடித்துக்கொண்டு வரும். முடிவுக்கு 3 கிலோமீட்டர் என்ற பலகையைத் தாண்டியதும் திடீரென ஒதுங்கும். களைப்பு காரணம் இல்லை. வழக்கமாக அந்தக் கடைசி 3 கிலோமீட்டரில் விழுந்தாலும் சைக்கிள் பழுதானாலும், கூட இருந்த கூட்டத்தின் நேரமே கிடைக்கும். அதற்கு முன்னால் விழுந்தால் கிடைக்காது. அந்தப் பலகை வரை தலைவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் எங்கள் நாள் முடிந்தது.

மலையைவிட எனக்குப் பயம் பக்கக் காற்றுதான். காற்று பக்கவாட்டில் அடித்தால் மறைவும் பக்கவாட்டில் சாயும். சாலையின் அகலத்துக்குக் குறுக்காகச் சாய்வான வரிசை ஒன்று உருவாகும். அகலம் தீர்ந்ததும், அதில் இடம் கிடைக்காதவர் சாலை ஓரத்தில் காற்றை நேராக வாங்க வேண்டும். அங்கேதான் கூட்டம் அறுபடும். 2013 டூரின் 13-வது கட்டம் சமதளம், சொல்லும்படி மலை இல்லை. அன்று சக்கரம் பழுதான, பட்டத்துக்குப் போட்டியிட்ட அலெஹாந்த்ரோ வல்வெர்தே கிட்டத்தட்ட 10 நிமிடம் இழந்தார். பிறகு இன்னொரு போட்டியாளர் காண்டடோரின் அணி ஒரே மூச்சாக வேகம் கூட்ட, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையிலிருந்த கிறிஸ் ஃப்ரூமும் 1 நிமிடம் 9 நொடி இழந்தார். அந்தப் பட்டத்தை ஃப்ரூம்தான் வென்றார், அது வேறு கதை.

2022 டூரில் யும்போ-விஸ்மா அணி 11-வது கட்டத்தில் செய்தது இன்னும் அழகு. அந்த அணியில் ரோக்லிச், விங்கெகோ என்று இரண்டு பேர், எதிரில் மஞ்சள் சட்டையில் போகச்சார். ரோக்லிச் பாய்வார், போகச்சார் துரத்துவார். அவர் மூச்சு விடுவதற்குள் விங்கெகோ பாய்வார். இருவரில் யாரையும் விட முடியாத நிலை. கடைசியில் கிரனோன் மலையில் போகச்சார் உடைந்து, விங்கெகோவிடம் 2 நிமிடம் 51 நொடி இழந்தார். பாய்ந்து பாய்ந்து காலைத் தீர்த்துக்கொண்ட ரோக்லிச் அன்று இன்னும் பின்னால் வந்தார். அவர் தோற்றார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாரப் பந்தயம். அணியின் காருக்குப் பின்வாங்கி, சட்டைக்குள் ஏழு பாட்டில்களைத் திணித்துக்கொண்டு முன்னேறினேன். ஆளுக்கொன்று கொடுத்தேன், பையிலிருந்த சர்க்கரை ஜெல்களையும் கொடுத்தேன். எனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை, ஏதோ பெரிய தியாகி மாதிரி. முக்கால் மணி நேரத்தில் கை நடுங்கியது, பார்வை குறுகியது, காலில் ஒன்றுமே இல்லை. மலை அடிவாரத்தில் தலைவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்து நான் இழுக்க வேண்டிய இடத்தில் நான் இல்லை. தலைவர் தனியாகக் காற்றை வாங்கினார், 20 நொடிக்கு மேல் போனது. அணி இயக்குநர் திட்டவில்லை. "முதலில் நீ சாப்பிடு. அப்புறம் தண்ணீர் கொண்டு போ" என்றார். இன்று மணிக்கு 90 கிராமோ அதற்கு மேலோ மாவுச்சத்து எடுப்பது சாதாரணம். எடை குறைய வேண்டும் என்று பட்டினியோடு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அது எலும்பையும் ஹார்மோனையும் கெடுக்கும். பயிற்சியாளரே அப்படிச் சொன்னாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேலை முடிந்த பிறகும் ஒரு பந்தயம் இருக்கிறது. கட்டத்தை வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி வரும் கெடுவுக்குள் வரவில்லையென்றால், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் பின்தங்கியவர்கள், போட்டி அணிக்காரர்கள் உட்பட, ஒன்றுசேர்ந்து முறைவைத்து இழுப்போம். யாரோ ஒருவர் கெடுவைக் கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். ஒருமுறை காலை முதல் 120 கிலோமீட்டர் முன்னால் நின்று இழுத்துவிட்டு, கெடுவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினேன். பேருந்தில் ஏறியபோது தலைவர் குளித்து, சாப்பிட்டு, பாதித் தூக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறக்காமலே தன் பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார், நான் உட்கார.