ஒரு பக்கப் பளபளப்பு ஈரத்தைத் தடுக்காது

எல்ல நகரில் தங்குமிடம் நடத்தும் ஒருவர், வேறோர் இடத்தில் அச்சிட்டு வாங்கிய துண்டுப்பிரசுரக் கட்டொன்றைப் போன வாரம் ஹட்டனிலுள்ள எங்கள் அச்சகத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் அவிழ்த்து வைத்தார். ஒவ்வொரு தாளும் கறுவாப்பட்டையைப் போலச் சுருண்டிருந்தது. ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் சுருளுக்குள்ளே மறைந்துவிட, வெறும் வெள்ளைப் பின்புறம்தான் வெளியே தெரிந்தது. "பளபளப்பு லெமினேட் போட்டுத்தானே வாங்கினேன் ஐயா, பிறகு எப்படி ஈரம் பிடித்தது?" என்று கேட்டார். இந்த மழைக்காலத்தில் இதே கேள்வியோடு வந்தவர்களில் அவர் நான்காமவர்.

பளபளப்பாக இருந்தால் ஈரம் ஏறாது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். லெமினேட் என்பது மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம்; அது ஒட்டிய பக்கத்தை மட்டுமே காக்கும். ஒட்டாத பக்கம் வெறும் தாளாகவே இருப்பதால், மழையில் நனையாவிட்டாலும், ஜன்னல் வழியே வரும் பனிமூட்டத்தின் ஈரத்தையே குடித்து அதன் நார்கள் விரிகின்றன. படலமோ விரிவதில்லை. விரியும் பக்கம் விரியாத பக்கத்தைத் தள்ள, தாள் படலம் இருக்கும் பக்கமாகவே சுருள்கிறது. கொழும்பில் குளிரூட்டிய அறையில் நேராகக் கிடந்த அதே தாள் எங்கள் ஊரில் ஓர் இரவுக்குள் சுருண்டுவிடுவது இதனால்தான். இரண்டு பக்கமும் ஒட்டினால் சுருளாது. ஆனாலும் ஓரங்களை வெட்டியவுடன் விளிம்பு திறந்துகொள்கிறது, அந்த விளிம்பின் வழியே தண்ணீர் உள்ளே ஏறும். தேநீரும் ஈரத்துணியும் படுகின்ற உணவு விலைப்பட்டியலைத் தாளைவிடப் பெரிய உறைக்குள் இட்டு, நாற்புறமும் படலம் சில மில்லிமீற்றர் வெளியே நீண்டு ஒட்டியிருக்கும்படி செய்யக் கேளுங்கள்.

அச்சிட்ட தாளின் மேல் இடும் யுவி (புறஊதா) பூச்சு வெயிலில் நிறம் மங்காமல் காக்கும் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெயர் பூச்சை உலர்த்தும் விளக்கைக் குறிக்கிறதே தவிர, வெயிலைத் தடுப்பதைக் குறிக்கவில்லை. கடைக் கண்ணாடியில் ஒட்டிய படத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறிப்போவதை எந்தப் பளபளப்பும் நிறுத்தாது. அந்தப் பூச்சு இட்ட தடித்த தாளை மடித்தால், மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். அடர் நீலம், கரும்பச்சை போன்ற நிறங்கள் மடிப்பின் மேல் வந்தால் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். மடிக்க வேண்டிய தாளுக்கு முன்கூட்டியே கிரீசிங், அதாவது மடிப்பு வரும் கோட்டை அழுத்திப் பதிப்பது, போடச் சொல்லுங்கள். அறை வாடகையைப் பேனையால் எழுதிக் கொடுக்க இடம் விட்டிருந்தால், அந்த இடத்தில் லெமினேட்டோ யுவி பூச்சோ வரவே கூடாது. மை பிடிக்காமல் வழுக்கும், பிடித்தாலும் விரல் பட்டதும் அழியும்.

டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கும்போதும், ஏப்ரலில் நுவரெலியா நிரம்பி வழியும்போதும், "நாளைக் காலையில் வேண்டும்" என்று நெருக்குகிறீர்கள். ஈரக்காற்றில் ஒப்செட் அச்சு மை மெதுவாகவே உலரும். உலராத மையின் மேல் படலத்தை ஒட்டினால் இரண்டொரு வாரத்தில் கொப்புளம் எழும்பி உரிந்துவரும். அடர் நிறங்களுக்கு இரண்டு நாளாவது அவகாசம் தாருங்கள். அச்சகத்தைத் திட்டுவதால் மை உலர்ந்துவிடாது.

வழியில் கொடுத்து, ஒருமுறை வாசித்துவிட்டுப் போடப்படும் துண்டுப்பிரசுரத்துக்குப் பிளாஸ்டிக் படலம் தேவையே இல்லை. நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் பூச்சு கைரேகையையும் உராய்வையும் தாங்கும், ஓரளவு மினுக்கமும் தரும். மலைப்பாதையில் வீசப்படும் லெமினேட் தாள் மழையில் கரைவதுமில்லை, பழைய தாளோடு சேர்த்து மீள்சுழற்சிக்குக் கொடுப்பதும் கடினம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முற்பணம் கட்டுமுன், நீங்கள் கேட்கும் அதே தாளில், அதே பூச்சுடன் ஒரு மாதிரியை வாங்கிச் செல்லுங்கள். அதை மடித்து, பேனையால் எழுதிப் பார்த்து, இரவு முழுவதும் ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துவாருங்கள். எத்தனை பிரதிகள் அடிப்பது என்பதை அதன் பிறகு பேசுவோம்.